பச்சிளம் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் 'பித்தம்' என்று விட்டுவிடலாமா? குடல் அடைப்பு ஏன் வருகிறது?

வீட்டில் பெரியவர்கள் யாராவது காலையில் வெறும் வயிற்றில் மஞ்சளாக வாந்தி எடுத்தால் யாரும் பதறுவதில்லை. "பித்தம்தான், கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு குடி, சரியாயிரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரியவர்களுக்குப் பல நேரம் அது சரியாகவும் போய்விடுகிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தை பச்சையாக வாந்தி எடுக்கும்போதும் அதே 'பித்தம்' என்ற சொல் வந்து விழுவதுதான் சிக்கல்.

பச்சிளம் குழந்தையின் பச்சை வாந்தி, குடல் அடைப்பின் முதல் அறிகுறியாக இருக்கலாம். 'அடைப்பு இல்லை' என்று பரிசோதனையில் உறுதியாகும்வரை அதை அடைப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலகம் முழுக்க குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் விதி. காரணம், சில வகை அடைப்புகளில் 'காலையில பாத்துக்கலாம்' என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டாலே குடல் அழுகிவிடக்கூடும்.

சுமார் 2,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி ஏதாவதொரு குடல் அடைப்பு இருக்கலாம் என்பது மருத்துவப் பாடநூல்கள் சொல்லும் பொதுவான கணக்கு. அரிதுதான். ஆனால், திண்டுக்கல் போன்ற ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பிரசவம் நடக்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் சில குடும்பங்களாவது இதைச் சந்திக்கத்தான் செய்யும்.

நிறத்தில் என்ன இருக்கிறது?

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில் வந்து சேர்கிறது. குழந்தை பாலை மட்டும் கக்கினால் அது வெள்ளையாகவோ தயிர் போலத் திரிந்தோ வரும். இரைப்பையில் இருந்தது மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான குழந்தைகள் இப்படிக் கக்கும். எடை கூடிக்கொண்டிருந்தால் கவலையில்லை.

பச்சையாக வந்தால் கதை வேறு. பித்தநீர் சேரும் இடத்துக்கும் கீழே போன ஒன்று, போக வழியில்லாமல் மேலே திரும்பி வருகிறது என்று பொருள்.

இங்கே இரண்டு குழப்பங்கள் வரும். முதலாவது, மலம். பிறந்த மூன்றாம், நான்காம் நாளில் குழந்தை பச்சையாக மலம் போவது இயல்பு. கருமையான முதல் மலம் மாறி மஞ்சளாகும் வழியில் அந்தப் பச்சை வரும். "பச்சையா போறான்" என்பதற்கும் "பச்சையா கக்குறான்" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

இரண்டாவது, மஞ்சள். சீம்பாலே மஞ்சள் நிறம்தான். அதனால் முதல் இரண்டு நாளில் மஞ்சளாக வந்தால் அது சீம்பாலா, பித்தமா என்று கண்ணால் சொல்வது கடினம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பெற்றோர், மருத்துவர்கள், செவிலியர்களிடம் நிற அட்டையைக் காட்டி 'பித்த வாந்தி எந்த நிறம்?' என்று கேட்டார்கள். 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அந்த ஆய்வில், ஆளுக்கொரு நிறத்தைக் காட்டினார்கள். மஞ்சளைக் காட்டியவர்களும் பலர். ஆகவே போனில் "ஒரு மாதிரி பச்சை" என்று விளக்குவதைவிட, வெள்ளைத் துணியில் பட்ட கறையை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுவது மேல். அந்தத் துணியையும் கையோடு கொண்டுபோகலாம்.

பச்சையாக வாந்தி எடுக்கும் எல்லாக் குழந்தைக்கும் ஆபரேஷன் தேவைப்படுமா? இல்லை. பல ஆய்வுகளில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான குழந்தைகளுக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காரணம் இருந்தது. மற்றவர்களுக்குக் கிருமித்தொற்று இருந்திருக்கலாம், அல்லது தானாகச் சரியாகியிருக்கலாம். ஆனால், இவர்களில் எந்தக் குழந்தை எந்த வகை என்பதை வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

வேறு என்ன அறிகுறிகள்?

* வயிறு உப்பி, தொட்டால் இறுக்கமாக இருப்பது
* பிறந்து 24 மணி நேரம் கடந்தும் முதல் மலம் போகாதது. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளில் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள்ளும், ஏறக்குறைய எல்லாமே 48 மணி நேரத்துக்குள்ளும் மலம் கழித்துவிடும்
* பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம்

அடைப்பு மேலே இருந்தால் வாந்தி சீக்கிரம் வரும், வயிறு தட்டையாகவே இருக்கலாம். கீழே இருந்தால் முதலில் வயிறு உப்பும், வாந்தி ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். 'வயிறு நல்லாத்தானே இருக்கு', 'ஒரு தடவை மலம் போச்சே' என்று சமாதானம் ஆகிவிட முடியாது. மேல்பகுதி அடைப்புள்ள சில குழந்தைகள், அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே சேர்ந்திருந்த மலத்தைக் கழிப்பதுண்டு.

காரணங்கள் என்னென்ன?

பச்சிளம் குழந்தைகளின் குடல் அடைப்பில் பெரும்பாலானவற்றுக்கான காரணம் குழந்தை பிறப்பதற்கு முன்பே, கருவில் ஏற்பட்டுவிடுகிறது.

1. குடல் முறுக்கு. இதுதான் மிக அவசரமானது. கரு ஆறு வாரம் இருக்கும்போது, வளரும் குடலுக்கு வயிற்றுக்குள் இடம் போதாது. அது தொப்புள்கொடிக்குள் வெளியே தள்ளி, சுழன்றபடி வளர்ந்து, 10 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் வயிற்றுக்குள் வந்து அமர்கிறது. இந்தச் சுழற்சி முழுமையாகாவிட்டால் குடல் அகலமாகப் பிணைக்கப்படாமல், ஒரு குறுகிய காம்பில் தொங்குவது போல நின்றுவிடும். பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்தக் காம்பைச் சுற்றி முறுக்கிக்கொள்ளலாம். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும் அந்தக் காம்பில்தான் இருக்கிறது. முறுக்கினால் ரத்தம் நின்று, சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். நன்றாகப் பால் குடித்து, மலம் போய், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த குழந்தைக்கும் இது நடக்கலாம். இப்படி முறுக்கிக்கொள்ளும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவை முதல் மாதத்திலேயே அறிகுறி காட்டிவிடுகின்றன.

2. முன்சிறுகுடல் அடைப்பு. கருவின் ஆரம்ப வாரங்களில் முன்சிறுகுடலின் உள்வழி திசுவால் நிரம்பி, பிறகு மீண்டும் திறக்கும். அது சரியாகத் திறக்காமல் போவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழிகள் அருகருகே தெரியும். இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. அதனால் இதயப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள்.

3. சிறுகுடலில் வழி அறுபடுதல். சிறுகுடலின் ஒரு பகுதி மூடியோ, துண்டாகவோ இருக்கும். கருவில் இருக்கும்போது அந்தப் பகுதிக்கான ரத்த ஓட்டம் தடைபட்டதே முக்கியக் காரணம்.

4. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். குடல் தானாகச் சுருங்கி விரிய, அதன் சுவரில் நரம்பணுக்கள் வேண்டும். கருவில் இவை மேலிருந்து கீழாக நகர்ந்து, ஆசனவாய் வரை போய்ச் சேர வேண்டும். பாதியில் நின்றுவிட்டால், அதற்குக் கீழே உள்ள பகுதி தளராமல் இறுகியே இருக்கும். குழாயில் துளை இருக்கும். ஆனால் வழி திறக்காது. சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது, ஆண் குழந்தைகளுக்கு அதிகம். கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886-ல் இதை விவரித்தார். மலக்குடலில் சிறு திசு எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதி செய்ய முடியும்.

5. ஆசனவாய் சரியாக அமையாதது. இதுவும் சுமார் 5,000-ல் ஒன்று. பிறந்தவுடன் குழந்தையைத் திருப்பிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இருந்தும் சில நேரம் தவறிவிடுகிறது. வேறொரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் மலம் வெளியேறினால், 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று நினைத்துவிடுவார்கள்.

6. முதல் மலமே அடைத்துக்கொள்வது. மலம் கெட்டியாகிப் பெருங்குடலில் அடைக்கலாம். கர்ப்பகாலத்தில் சர்க்கரை நோய் இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கும், குறைமாதக் குழந்தைகளுக்கும் இது கூடுதலாக வருகிறது. சாயம் கலந்த திரவத்தை மலக்குடல் வழியே செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும்போதே பலருக்கு அடைப்பு நீங்கிவிடும், ஆபரேஷன் தேவைப்படாது. ஆனாலும் அடியில் ஹிர்ஷ்ஸ்ப்ரங் ஒளிந்திருக்கிறதா என்று தொடர்ந்து கவனிப்பார்கள்.

இவை தவிர, குடலிறக்கம் சிக்கிக்கொள்வது, குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் தீவிர குடல் அழற்சி, ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, தைராய்டு குறைபாடு போன்றவையும் அடைப்பையோ, அடைப்பு போன்ற நிலையையோ உண்டாக்கும்.

பச்சை இல்லாமல் பீய்ச்சி அடித்தால்?

மூன்று முதல் ஆறு வார வயதில், பால் குடித்த கொஞ்ச நேரத்தில் பாலை மட்டும் தூரமாகப் பீய்ச்சி வாந்தி எடுத்து, உடனே மீண்டும் பசித்து அழுதால் அது வேறொரு பிரச்னை. இரைப்பையின் வாய்த்தசை தடித்துப்போவதால் வருவது. பித்தம் சேரும் இடத்துக்கு மேலேயே அடைப்பு இருப்பதால் பச்சை வராது. இதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறிய அறுவைச் சிகிச்சையில் சரியாகிவிடும்.

'நீ என்னத்த தின்ன?'

குழந்தைக்கு ஏதாவது ஒன்று என்றால், முதல் கேள்வி பிரசவித்த பெண்ணை நோக்கித்தான் வருகிறது. "பப்பாளி தின்னியா?", "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா?", "சொன்னா கேட்டாத்தானே?" தையல் வலியோடு, குழந்தையைப் பிரிந்து வார்டில் படுத்திருக்கும் பெண்ணுக்கு இது இன்னொரு தண்டனை.

இதற்குப் பதில் 1955-லேயே கிடைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஜே.எச். லௌ, கிறிஸ்டியன் பார்னார்ட் என்ற இரு அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள், கர்ப்பமாக இருந்த நாய்களின் கருவில் குடலுக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்களைக் கட்டினார்கள். பிறந்த குட்டிகளுக்கு, மனிதக் குழந்தைகளிடம் காணப்படும் அதே சிறுகுடல் அடைப்பு இருந்தது. கருவில் ஏற்படும் ரத்த ஓட்டத் தடையே இதற்குப் போதும் என்று தெளிவானது. இதே பார்னார்ட்தான் 1967-ல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவைச் சிகிச்சையைச் செய்தவர்.

குடலின் சுழற்சி, நரம்பணுக்களின் நகர்வு, ஆசனவாய் உருவாவது எல்லாம் முதல் மூன்று மாதத்தில் நடந்து முடிகின்றன. தான் கர்ப்பமாக இருக்கிறோம் என்று ஒரு பெண்ணுக்கு உறுதியாகும் நேரத்திலேயே பாதி வேலை முடிந்திருக்கும். பப்பாளிக்கோ கிரகணத்துக்கோ இதில் பங்கில்லை.

ஸ்கேனில் தெரிந்திருக்காதா?

சிலருக்குத் தெரியும், எல்லோருக்கும் இல்லை. கருவில் குழந்தை பனிக்குடநீரை விழுங்கும். அது குடலில் உறிஞ்சப்படும். மேல்பகுதியில் அடைப்பு இருந்தால் நீர் உறிஞ்சப்படாமல் பனிக்குடநீர் அதிகமாகும். இது பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகே ஸ்கேனில் தெரியும். ஐந்தாம் மாத ஸ்கேன் 'நார்மல்' என்று வந்திருந்தாலும் இந்த அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பின்மாத ஸ்கேனில் 'தண்ணி அதிகமா இருக்கு' என்றால், ஏன் என்று கேட்டு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவத்துக்குத் திட்டமிடலாம்.

ஹிர்ஷ்ஸ்ப்ரங், முறுக்காத குடல், பெரும்பாலான ஆசனவாய்க் குறைபாடுகள் ஆகியவை ஸ்கேனில் பிடிபடுவது அரிது.

குடல் தட்டுவதும் வெற்றிலைக் காம்பும்

குழந்தை பால் குடிக்காமல் அழுதால், 'குடலேத்தம்' என்று எண்ணெய் தடவித் தட்டுபவரிடம் தூக்கிப்போவது தமிழகத்தின் பல ஊர்களில் இன்னும் உண்டு. முறுக்கிய குடலைத் தட்டிப் பிரிக்க முடியாது. ரத்த ஓட்டம் நின்று மெலிந்த குடல், அழுத்தத்தில் கிழியும் ஆபத்துதான் அதிகம். அதைவிடப் பெரிய இழப்பு, அங்கே போய்வரும் நேரம்.

மலம் போகவில்லை என்றால் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைக்கும் பழக்கம் கொஞ்சம் சிக்கலானது. காரணம், சில நேரம் அது 'வேலை' செய்துவிடும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் உள்ள குழந்தைக்கு ஆசனவாயைத் தூண்டினால், இறுகிய பகுதி ஒரு கணம் தளர்ந்து காற்றும் மலமும் பீறிட்டு வரும். வயிறு வடியும். வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். இரண்டு நாளில் மறுபடி உப்பும், மறுபடி காம்பு. இப்படியே வாரங்கள் ஓடினால் குடலில் கடும் தொற்று ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். காம்பு வைத்தால்தான் மலம் போகிறது என்றால், அதுவே டாக்டரிடம் சொல்ல வேண்டிய முக்கியத் தகவல்.

சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். அடைபட்ட குடலுக்குள் இன்னும் எதையாவது ஊற்றினால் அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம்.

திண்டுக்கல்லிலிருந்து எங்கே போவது?

வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என எந்த ஊராக இருந்தாலும், முதல் வேலை குழந்தையை அருகில் உள்ள, குழந்தை மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் சேர்ப்பது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. குழந்தைகள் அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித்துறை உள்ள மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, திண்டுக்கல்லிலிருந்து நான்கு வழிச்சாலையில் சுமார் 65 கி.மீ. தூரத்தில் இருக்கிறது.

'நேரா மதுரைக்கே போயிரலாமே' என்று காரில் கிளம்புவது எல்லா நேரமும் சரியல்ல. வழியில் குழந்தை வாந்தியை உள்ளிழுக்கலாம், உடல் குளிர்ந்துவிடலாம், நீர்ச்சத்து வற்றிவிடலாம். அனுப்பும் மருத்துவமனை செய்ய வேண்டிய வேலைகள் எளிமையானவை: பால் கொடுப்பதை நிறுத்துவது, இரைப்பைக்குள் சிறு குழாய் விட்டு தேங்கியதை வெளியே எடுப்பது, நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவது, கதகதப்பாக வைப்பது, போய்ச்சேரும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்வது. 108 சேவையில் பச்சிளங்குழந்தைகளுக்கென இன்குபேட்டர் வசதியுள்ள ஆம்புலன்ஸ்களும் உண்டு, கேட்டுப் பெறலாம்.

அங்கே போனதும் எக்ஸ்ரே எடுப்பார்கள். குடல் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, சாயத்தைக் குழாய் வழியே இரைப்பைக்குள் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயும், ஸ்கேனும் உதவும். சாதாரண எக்ஸ்ரே 'நார்மல்' என்று வந்தாலும் முறுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. "சாயம் விட்டுப் பாக்கணுமா டாக்டர்?" என்று பெற்றோர் கேட்பதில் தப்பே இல்லை.

செலவு பற்றிய பயத்தில் தாமதிக்க வேண்டாம். 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, வாகனம் எல்லாம் இலவசம். தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அது இணைந்திருக்கிறதா என்று கேட்கலாம். சந்தேகங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

பிழைக்க வாய்ப்பு எவ்வளவு?

74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில், பிறவிக் குடல் குறைபாடுகள் உள்ளிட்ட 7 வகை பிறவிப் பிரச்னைகளோடு பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2021-ல் லான்செட் இதழில் வெளியானது. பணக்கார நாடுகளில் 5.6 சதவீதக் குழந்தைகள் இறந்தன. இந்தியா உள்ளிட்ட நடுத்தர வருமான நாடுகளில் 20.4 சதவீதம். ஏழை நாடுகளில் 39.8 சதவீதம். குறைபாடுகள் எல்லா நாட்டிலும் அவையேதான். குழந்தை எந்த நிலையில் வந்து சேர்கிறது, அங்கே என்ன வசதி இருக்கிறது என்பவை பெரும் வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. கிருமித்தொற்று பரவிய பிறகு வந்து சேரும் குழந்தைகளைக் காப்பாற்றுவது கடினம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

சரியான நேரத்தில் வந்தால், அடைபட்ட பகுதியை நீக்கி இரு முனைகளையும் இணைப்பார்கள்; முறுக்கைப் பிரித்துவிடுவார்கள். சில குழந்தைகளுக்கு வயிற்றில் தற்காலிகமாக மலம் வெளியேற வழி அமைத்து, சில மாதம் கழித்து மூடுவார்கள். பெரும்பாலான குழந்தைகள் பிறகு மற்றவர்களைப் போலவே சாப்பிட்டு வளர்கின்றன.

போனில் தகவல் கேட்கும் அப்பாக்களுக்கு

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். மனைவியும் குழந்தையும் திண்டுக்கல்லில் இருக்க, கணவர் கோவையிலோ ஓசூரிலோ பெங்களூருவிலோ வேலையில் இருப்பார். வீடியோ காலில் "லேசா வாந்தி, பாட்டி பித்தம்ங்குறாங்க" என்று கேட்டதும் செய்ய வேண்டியவை:

* நிறம் கேளுங்கள். வெள்ளைத் துணியில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். பச்சை என்றால், நேரம் எதுவானாலும் உடனே மருத்துவமனை
* பால், மருந்து, தண்ணீர் எதுவும் அதற்குமேல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்
* முதல் மலம் எப்போது போனது, வயிறு உப்பியிருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்
* டிஸ்சார்ஜ் அட்டை, கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்
* "நான் வந்துர்றேன், அப்புறம் கூட்டிட்டுப் போலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் நஷ்டம் ஒரு ராத்திரித் தூக்கம்தான். பாட்டி கொஞ்சம் முனகலாம். அதை மறுநாள் பேசிச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.